மொபைல் இயங்குதளத்தின் பில்டு அமைப்பைப் பராமரிப்பது வளர்ச்சி இல்லாத வேலையா?

காரைக்குடியில் பொறியியல் முடித்த உங்களை ஆண்ட்ராய்டுக் கருவி தயாரிக்கும் நிறுவனமொன்று பில்டு குழுவில், அதாவது மூலநிரலைக் கருவியில் ஓடும் மென்பொருளாகக் கட்டியெடுக்கும் குழுவில், சேர அழைத்திருக்கிறது. உடன் படித்தவர்கள் ஆப் எழுதப் போகும்போது, நமக்கு மட்டும் கட்டளையைத் தட்டிவிட்டுக் காத்திருக்கும் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். "பில்டு போடுகிற ஆள்" என்று யாரோ உங்களைக் கேலி செய்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். தேவகோட்டையில் பூர்வீக வீட்டின் ஒரு பங்கில் அமர்ந்து பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்பவன் நான் என்பதால், அந்தக் கேலி எனக்குப் புதிதன்று. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கோபம் வரத்தான் செய்கிறது.

கட்டளையைத் தட்டுவது யாராலும் முடியும். ஆண்ட்ராய்டு மூலநிரலை இறக்கிக் கட்டி முடிக்க 400 ஜிபி இடமும் 64 ஜிபி ரேமும் வேண்டும் என்றும், 72 கோர் இயந்திரத்தில் முழு பில்டுக்குச் சுமார் 40 நிமிடமும் 6 கோர் இயந்திரத்தில் சுமார் 6 மணி நேரமும் ஆகும் என்றும் அதன் ஆவணங்களே சொல்கின்றன. இந்தக் காத்திருப்பைப் பார்ப்பவர்கள்தாம் இதைச் சும்மா இருக்கும் வேலை என்கிறார்கள். எந்தக் கூறு எதைச் சார்ந்து நிற்கலாம் என்று தீர்மானிப்பதும், தகாத சார்பைக் கொண்டுவருபவரிடம் முடியாது என்று சொல்வதுமே உண்மையான வேலை. ஆண்ட்ராய்டு 7.0க்கு முன்பு எல்லாமே மேக்ஃபைலாக (எதை எப்படிக் கட்டுவது என்று மேக் என்ற கருவிக்குச் சொல்லும் கோப்பு) இருந்ததால், அவரவர் தம் விருப்பப்படி நிபந்தனைகளை எழுதிவைத்தார்கள். பிறகு வந்த சூங் என்ற பில்டு அமைப்பின் ஆண்ட்ராய்டு.பிபி கோப்புகளில் மேக்ஃபைலில் இருந்ததுபோல் "இஃப்" என்ற நிபந்தனை வாக்கியம் கிடையாது. சிக்கலான தர்க்கம் அனைத்தும் கோ மொழியில் வேறிடத்தில் எழுதப்பட வேண்டும் என்பதை வேண்டுமென்றே விதியாக வைத்திருக்கிறார்கள். "ஒரேயொரு இஃப் போட்டுக் கொடுங்கள்" என்று வருபவர்களுக்கு இதை விளக்குவதிலேயே என் நாட்கள் பல கழிந்திருக்கின்றன.

புதிய பதிப்பொன்று ஏதேனும் பழைய வழக்கத்தைத் தடைசெய்யும்போது, தற்காலிக விலக்காக "பில்டு புரோக்கன்" என்று தொடங்கும் ஃபிளாக்குகளை (அமைப்புக் குறிகளை) இட்டுக்கொள்ள இடமளிக்கிறார்கள். எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில் எந்தப் பங்காளி எந்தக் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது என்றே தெரியாத அண்டாக்கள் கிடக்கின்றன. எடுத்தால் யாராவது கேட்பார்களோ என்று ஒருவரும் தொடுவதில்லை. அந்த ஃபிளாக்குகளும் அப்படித்தான் தங்கிவிடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, உடைவதைச் சரிசெய்யும் பொறுமை ஒருவருக்காவது இருக்க வேண்டும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வெளியிட்ட ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய டார்கெட் ஃபைல்ஸ் தொகுப்பை (அந்தப் பதிப்பின் கோப்புகள் அப்படியே அடங்கியது; பின்னாளில் மாறிய பகுதியைக் கணக்கிட இதுவே வேண்டும்) சேமித்து வைப்பது என் வழக்கம். சேமிப்புச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற மேலாளர், "மூலநிரல் இருக்கும் கிட்டில் அந்தப் பதிப்புக்கான டேக் (அடையாளக் குறி) இருக்கிறதே, வேண்டும்போது மறுபடி பில்டு செய்துகொள்ளலாம்" என்று அவற்றை அழிக்கச் சொன்னார். நான் மறுத்தேன், கூட்டத்தில் குரல் உயரும் அளவுக்கு அது போனது. அதே நிறுவனத்தின் இன்னொரு தயாரிப்புக் குழு அழித்துவிட்டது. பின்னொரு நாள் பழைய பதிப்பில் இருந்த கருவிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் அனுப்ப வேண்டி வந்தது. அவற்றின் சிம்களில் டேட்டா வரம்பு குறைவு என்பதால், முழுப் பொதியை அனுப்பாமல் மாறிய பகுதியை மட்டும் அனுப்ப முடிவெடுத்தார்கள். அத்தகைய புதுப்பிப்பு, கருவியில் இப்போது இருக்கும் சேமிப்புப் பிளாக்குகளின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) எதிர்பார்த்தபடி இருந்தால்தான் இறங்கும். அந்தக் குழு டேக்கிலிருந்து மீண்டும் கட்டியபோது பில்டு எண்ணும் பில்டு விவரங்களைத் தாங்கும் பில்டு.பிராப் கோப்பில் உள்ள தேதியும் மாறியிருந்தன. கருவிகள் புதுப்பிப்பை ஏற்க மறுத்துவிட்டன. தொகுப்பைச் சேமித்து வைத்திருந்ததால், எங்கள் கருவிகளுக்குச் சிக்கலின்றிப் போய்ச் சேர்ந்தது.

தேதியையும் பில்டு எண்ணையும் சூழல் மாறிகளில் (கட்டும்போது பில்டுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்புகளில்) நிலைப்படுத்தினால் அதே பைட்டுகள் வந்துவிடுமே என்று விவரமறிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதக்கூடும். உண்மைதான், எல்லாக் கூறுகளும் ஒழுங்காக நடந்துகொண்டால். வெளியாரிடமிருந்து வந்த ஒரு கூறின் மேக்ஃபைல், கட்டும் நேரத்தைத் தானே பைனரிக்குள் எழுதிக்கொண்டிருந்தது என்பதைக் கண்டுபிடித்தவனும் நான்தான். இது ஒரு சிறு நிறுவனத்தின் கதை, பெரிய இடங்களில் இப்படி நடக்காது என்பவர்களுடன் எனக்கு வாதம் இல்லை. நீங்கள் சேரப்போவதும் சிறு நிறுவனம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஆண்டு மதிப்பீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி, "இந்த வருடம் எத்தனை ஃபீச்சர் கொடுத்தீர்கள்?" என்பதுதான். உடைந்ததைச் சரிசெய்தவருக்குப் பெயர் கிடைக்கிறது, உடையாமல் காத்தவருக்குப் படிவத்தில் கட்டம்கூட இல்லை. ஊதிய உயர்வை எதிர்பார்த்துச் சேர்கிறீர்கள் என்றால் இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

வளர்ச்சி பற்றிக் கேட்டீர்கள். மேக், கதி, நிஞ்சா, சூங் என்று ஒவ்வொரு பில்டு கருவியாக இந்தத் துறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பேசல் என்ற இன்னொரு பில்டு கருவிக்கு மாறப்போவதாக 2020இல் அறிவித்து, 2023இல் அதைக் கைவிட்டார்கள். படிப்பதற்கு ஒருபோதும் பஞ்சம் வராது. ஊரிலிருந்தே செய்ய முடியுமா என்றால், தாராளமாக முடியும். பில்டு ஓடுவது எங்கோ இருக்கும் சர்வரில். இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையைத் தொடரவிடும் டிமக்ஸுக்குள் விட்டுவிட்டால் இங்கே மின்சாரம் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். பக்கத்து வீட்டைப் படப்பிடிப்புக்கு விடும் நாட்களில் ஜெனரேட்டர் சத்தத்தில் கூட்டங்களில் பேச முடியாமல் போவது வேறு கதை, அதற்கு நியாயம் கேட்க இங்கே இடமில்லை.

16 ஜிபி மடிக்கணினியை வைத்துக்கொண்டு முழு மூலநிரலோடு மல்லுக்கட்ட வேண்டாம். கோ மொழியைக் கற்றுக்கொண்டு சூங்கின் நிரலைப் படியுங்கள். சர்வர் கிடைத்ததும் "எம் நத்திங்" கட்டளையைப் பழகுங்கள். எதையும் கட்டாமல் பில்டு விதிகளை மட்டும் சரிபார்க்கும் அது, பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். சேர்ந்த முதல் வாரத்திலேயே, சென்ற ஆண்டு வெளியான பதிப்புகளின் டார்கெட் ஃபைல்ஸ் எங்கே இருக்கின்றன, அவற்றை அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுத்தில் வாங்கிவையுங்கள்.