கதவு சென்சார் பேட்டரியைத் தின்கிறது, விளக்கும் லேட்டாக எரிகிறது

கேள்வி: வாசல் கதவைத் திறந்ததும் ஹால் விளக்கு தானாக எரியட்டும் என்று வைஃபை கதவு சென்சார் ஒன்று வாங்கி மாட்டினேன். இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி இரண்டு மாதம்கூட வரவில்லை. விளக்கோ நான் செருப்பைக் கழற்றி முடித்த பிறகுதான் எரிகிறது. நல்ல பேட்டரி போட்டால் சரியாகுமா, வேறு சென்சார் வாங்க வேண்டுமா?

பதில்: பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. வைஃபையில் தொடர்ந்து இணைந்திருந்தால் செல் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் இந்த வகை சென்சார் முழுசாகத் தூங்கிவிடுகிறது. கதவு திறந்தால் விழித்து, ரூட்டரைத் தேடி, பாஸ்வேர்டைச் சரிபார்த்து, ஐபி முகவரி வாங்கி, அப்புறம்தான் செய்தியை அனுப்பும். அந்தச் செய்தியும் பெரும்பாலும் கம்பெனி சர்வருக்குப் போய்த் திரும்பி வந்துதான் விளக்கை எரிய வைக்கிறது. ஆக, நேரத்தைத் தின்பதும் பேட்டரியைத் தின்பதும் அநேகமாக ஒரே வேலைதான், அதனால் அதை ஒழித்தால் இரண்டுமே சரியாகும்.

ஜிக்பீ சென்சார் வாங்குங்கள். ஜிக்பீ என்பது வைஃபை போலக் கம்பியில்லாமல் பேசும், ஆனால் சிக்கனமான ஒரு ரேடியோ முறை. அதுவும் தூங்கத்தான் செய்கிறது, ஆனால் ஹப்புடன் (சென்சாரின் செய்தியை வாங்கி விளக்குக்குச் சொல்லும் பெட்டி) ஏற்கெனவே அறிமுகமாகியிருப்பதால் விழித்ததும் நேராகச் செய்தியைச் சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிடும். வைஃபை சிப் அனுப்பும்போது 200 மில்லிஆம்பியர் வரைகூட இழுக்கும், ஜிக்பீக்கு 10, 20 போதும். சட்டைப் பொத்தான் போன்ற சிஆர்2032 செல்லில் அது ஓடுவது இதனால்தான். என் வீட்டில் ஒன்று ஒரே செல்லில் ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது.

இதற்கு ஹப் தேவை. அமேசான் எக்கோ நான்காம் தலைமுறை, அந்த உருண்டை ஸ்பீக்கர், வீட்டில் இருந்தால் அதற்குள்ளேயே ஜிக்பீ ஹப் இருக்கிறது. எக்கோ டாட்டில் இல்லை. தனி ஹப் வாங்குவதானால் இன்டர்நெட் இல்லாதபோதும் விளக்கை எரிய வைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் ‘மேட்டர்’ (வெவ்வேறு கம்பெனிப் பொருட்கள் சேர்ந்து வேலை செய்வதற்கான பொதுவான முறை) முத்திரை இருப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், மேட்டர் வைஃபையிலும் ஓடும். கூடவே ‘த்ரெட்’ என்று போட்டிருந்தால் அதுவும் ஜிக்பீ மாதிரி சிக்கனமான ரேடியோதான், ஆனால் அதற்குத் த்ரெட் தெரிந்த ஹப் வேண்டும்.

ஒரு விஷயம் யாரும் சொல்லித் தருவதில்லை. ஜிக்பீ பல்புகள் பக்கத்துச் சென்சாரின் செய்தியை வாங்கி ஹப்புக்குக் கடத்தும். நம் வீடுகளில் யாராவது பழக்கதோஷத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள் (எங்கள் வீட்டில் அம்மா), உடனே அந்தச் சென்சார் வழி தெரியாமல் புது ஆளைத் தேடித் தேடிப் பேட்டரியைக் கரைத்துவிடும். ஹப்பை ரூட்டர் மேலேயே வைப்பதும் தப்பு, இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுவதால் செய்தி தவறி, மறுபடி மறுபடி அனுப்ப வேண்டிவரும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

புதுசு வாங்கும்வரை பழையதில் ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று அவ்வப்போது அனுப்பும் அறிக்கையின் இடைவெளியைக் கூட்டும் வசதி ஆப்பில் இருந்தால் கூட்டிவிடுங்கள். கதவுச் செய்தி அதனால் தாமதமாகாது.

கேள்வி: அப்படியானால் பேட்டரியில் ஓடும் ஸ்மார்ட் பூட்டும் பொத்தான் செல்லில் ஓட வேண்டுமே, ஏன் நாலு டபுள் ஏ கேட்கிறது?

பதில்: முதல் காரணம் மோட்டார். இரண்டாவது, சென்சார் தனக்குத் தோன்றும்போது பேசினால் போதும், பூட்டோ நீங்கள் போனில் கூப்பிடும்போது கேட்க வேண்டும். அதனால் இசட்-வேவ் (ஜிக்பீ மாதிரி இன்னொரு சிக்கன ரேடியோ) பூட்டு 250 மில்லிசெகண்டுக்கோ ஒரு செகண்டுக்கோ ஒருமுறை கணநேரம் காதைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. கூப்பிடும் ஹப், பூட்டு விழிக்கும்வரை விடாமல் சிக்னல் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரு செகண்டு தாமதம் பூட்டில் உங்களுக்கு உறுத்தாது, விளக்கில்தான் உறுத்தும்.