பிசிக்ஸையும் பயாலஜியையும் மோதவிடும் மகள்

அண்ணாச்சி, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூ, நீட் கோச்சிங் வேறு. இந்த நேரத்தில், "என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) கூடிக்கொண்டேதான் போகும் என்றால் ஒரு செல் உயிரிலிருந்து மனுஷன் எப்படி வந்தான்?" என்று வகுப்பில் கேட்டு, சார் உட்காரச் சொல்லிவிட்டார். பிள்ளை தடம் மாறுகிறாளோ என்று உங்களுக்குக் கவலை. பிளஸ் ஒன் பிசிக்ஸில் படித்ததைப் பிளஸ் டூ விலங்கியலோடு ஒட்டிப் பார்க்கிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் வருவதில்லை. முதலில் அவள் கேள்விக்குப் பதில். ராத்திரி சாப்பிடும்போது நீங்களே சொல்லலாம்.

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி, வெளியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத அமைப்பில் மொத்த என்ட்ரோபி குறையாது என்கிறது. அதற்குள் ஒரு மூலையில் குறையலாம், இன்னொரு இடத்தில் அதைவிடக் கூடினால் போதும். உங்கள் தூத்துக்குடி உப்பளத்தையே காட்டுங்கள். தண்ணீரில் தாறுமாறாக அலைந்த அயனிகள், சித்திரை வெயிலில் பாத்திக்குள் சதுரம் சதுரமான பரலாக வரிசை கட்டுகின்றன. உப்பு வாருகிறவர் யாரும் விதி மீறப்பட்டதாகப் புகார் சொன்னதில்லை. ஆவியாகிக் காற்றில் கலந்த தண்ணீரின் என்ட்ரோபி, பரலில் குறைந்ததை ஈடுகட்டிவிடுகிறது.

பூமியும் மூடிவைத்த பாத்திரமல்ல. சுமார் 5,500 டிகிரி செல்சியஸில் இருக்கும் சூரியப் பரப்பிலிருந்து ஒளி வருகிறது. ஏறக்குறைய அதே அளவு ஆற்றலைப் பூமி அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் உள்ளே வரும் ஒரு ஃபோட்டானுக்கு (ஒளித்துகள்) வெளியே போவது சுமார் 20, அதாவது அதே ஆற்றல் பல துண்டாகச் சிதறிப் போகிறது. வெளியேறும் என்ட்ரோபி அவ்வளவு அதிகம் என்பதால், உயிர்கள் சேர்க்கிற ஒழுங்கு அதற்கு முன்னால் சொற்பம். பரிணாமம் பற்றிய டார்வின் நூல் வந்து முப்பது ஆண்டுகூட ஆகாத 1886-லேயே இயற்பியலாளர் போல்ட்ஸ்மான் இந்தக் கோணத்தில் பேசிவிட்டார். ஆற்றல் பாயும் அமைப்புகளில் ஒழுங்கு தானாக உருவாவதை ஆராய்ந்த பிரிகோஜினுக்கு 1977-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

விட மாட்டாள். "வெயில் பட்டால் செத்த மீன் நாறத்தானே செய்யுது?" என்பாள். நல்ல கேள்வி. ஆற்றல் மட்டும் போதாது, அதைப் பிடித்து வேலை வாங்க ஒரு வழிமுறை வேண்டும். இலையில் ஒளிச்சேர்க்கை இருக்கிறது, மரபணு தன்னைப் படியெடுக்கிறது, அதில் வரும் சின்னச் சின்ன மாற்றங்களில் பிழைக்க உதவுவதை இயற்கைத் தேர்வு தக்கவைக்கிறது. இரண்டாம் விதி இதைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான். எப்படி நடந்தது என்று சொல்வது பயாலஜியின் பொறுப்பு. முதல் உயிர் எப்படி வந்தது என்பது தனிக் கேள்வி, அதில் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது.

சரி, படிப்புக்கு வருவோம். நீட்டை நிறுத்தச் சொல்லவில்லை. டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசையா, வீட்டின் ஆசையா என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் (நம்ம பக்கம் பெரும்பாலும் இரண்டாவதுதான்). இப்படிக் கேள்வி கேட்கிறவளுக்கு ஐசர் (IISER) என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் வழியும் உண்டு. நாட்டில் ஏழு இருக்கின்றன. நமக்குப் பக்கம் திருவனந்தபுரம், அடுத்து திருப்பதி. ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் படிப்பில் தொடக்கத்தில் எல்லா அறிவியலையும் படித்துவிட்டுப் பிறகு பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். உயிர் இயற்பியல் அவளுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) நான்கு வருட ஆராய்ச்சிப் பட்டமும் இதே ரகம்.

வெளியூர் அனுப்பத் தயக்கம் என்றால், பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பிஎஸ்சி பிசிக்ஸ் சேர்த்துவிட்டு, அப்புறம் ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்எஸ்சி போகலாம். ஆனால் இந்த வழியில் டாக்டரேட் முடித்து வேலையில் உட்கார முப்பது வயதை நெருங்கிவிடும். அதுவரை கல்யாணப் பேச்சைத் தள்ளிவைக்க வீட்டில் சம்மதமா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

ஐசர் நுழைவுத் தேர்வில் கணிதமும் உண்டு, நீட்டில் கிடையாது. கோச்சிங் சேர்ந்த பிறகு அவள் மேத்ஸை ஒதுக்கியிருந்தால், இந்த வாரமே திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.