மியூனிக் அறைக்கு முன்பணம் அனுப்பலாமா?

வணக்கம். பரிமாற்ற மாணவராக மியூனிக் செல்லும் உங்களுக்கு அறை தருவதாகச் சொல்லும் வீட்டுக்காரர், தான் லண்டனில் இருப்பதாகவும் இரண்டு மாத வாடகையை முன்பணமாக அனுப்பினால் சாவி கூரியரில் வரும் என்றும் சொல்கிறாராமே? அனுப்பாதீர்கள். ஜெர்மனியில் அறை தேடுபவர்களிடம் நடக்கும் பழைய மோசடி இது. அவர் காட்டிய பாஸ்போர்ட் நகல் முன்பு ஏமாந்த வேறொருவருடையதாகவும் இருக்கலாம். உங்களுடையதையும் கொடுத்துவிடாதீர்கள்.

சந்தேகம் தீர வேண்டுமானால் வீடியோ அழைப்பில் அறையை நேரலையாகக் காட்டச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து தெருவையும், அழைப்புமணியில் உள்ள பெயரையும் காட்டட்டும். "இப்போது முடியாது" என்று இழுத்தடித்தால் அத்தோடு விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் கேளுங்கள். குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் (அன்மெல்டுங்). அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று தேவை. தருவாரா? மோசடிக்காரர்கள் மழுப்புவது பெரும்பாலும் இங்கேதான். உண்மையான அறையாக இருந்தும் சான்று தர மறுத்தால், அதுவும் உங்களுக்கு உதவாது.

டெபாசிட்டாக 3 மாத அடிப்படை வாடகைக்கு (வெப்பம், தண்ணீர் போன்ற கூடுதல் செலவுகள் சேராத வாடகை) மேல் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. அதையும் மாதம் ஒன்றாக 3 சம தவணைகளில் கட்டலாம். முதல் தவணை வாடகைக்காலம் தொடங்கும்போதுதான். முழுத்தொகையும் இன்றைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்துவதே போதுமான எச்சரிக்கை.

ஷ்டூடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு நடத்தும் மாணவர் விடுதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள். மியூனிக்கில் காத்திருப்பு நீளம்தான். ஆனால் பரிமாற்ற மாணவர்களுக்கென்று தனி இடங்கள் உண்டா என்று அங்குள்ள பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் முதல் சில வாரங்கள் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் தங்கி, அறையை நேரில் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.