உறங்கும் குழந்தைக்கு வியர்ப்பது ஏன்? வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை நல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. தூங்கிய ஒரு மணி நேரத்துக்குள் தலையும் கழுத்தும் நனைந்துவிடுகின்றன. காய்ச்சல் இல்லை. பகலில் நன்றாக ஓடி விளையாடுகிறான். இது நோயின் அறிகுறியா?

பதில்: பகலில் நன்றாக விளையாடுகிறான் என்று நீங்கள் எழுதியிருப்பதே எனக்குப் பெரிய ஆறுதல். இரவின் முதல் சில மணி நேரத்தில்தான் குழந்தைகள் மிக ஆழ்ந்து உறங்குகிறார்கள். அப்போது உடல் தன் வெப்பத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ள முயல்வதால் வியர்வை பெருகுகிறது. வியர்வைச் சுரப்பிகள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுவதால், சிறிய உடலில் அவை மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன என்பதும் ஒரு காரணம். போர்வையைக் குறைத்து, மெல்லிய பருத்தி உடை அணிவித்து, காற்றோட்டம் கொடுத்துப் பாருங்கள். கை, கால் குளிர்ந்திருக்கிறதே என்று கூடுதலாகப் போர்த்திவிடாதீர்கள். மார்பையோ பிடரியையோ தொட்டுப் பார்த்தால்தான் உண்மையான சூடு தெரியும். எடையும் உயரமும் வயதுக்கேற்ப ஏறிவருமானால், இந்த வியர்வைக்கு மட்டுமாகப் பரிசோதனைகள் எதுவும் தேவையில்லை.

கேள்வி: ஆறு வயது மகள் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குகிறாள். உடையே நனையும் அளவுக்கு வியர்க்கிறது.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் தொண்டையிலுள்ள டான்சில்களும் வீங்கி மூச்சுப் பாதையை அடைக்கும்போது, குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் இரவு முழுவதும் போராட வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பே வியர்வையாக வெளிப்படலாம். மூச்சு சில நொடிகள் நின்று, பின் திணறலுடன் தொடர்கிறதா, நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்டதா, பகலில் எரிச்சலும் கவனக்குறைவும் கூடியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். அவள் உறங்குவதைச் சில நிமிடங்கள் கைப்பேசியில் படம்பிடித்துக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அந்தக் காணொளி அவருக்குப் பல மடங்கு உதவும்.

கேள்வி: மூன்று மாதக் குழந்தைக்குப் பால் குடிக்கும்போதும் நெற்றி வியர்க்கிறது. குடித்து முடிப்பதற்குள் களைத்துவிடுகிறான்.

பதில்: இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பால் குடிப்பதே கைக்குழந்தையின் கடும் உழைப்பு. அதில் வியர்த்து, இடையிடையே நிறுத்தி, எடையும் ஏறாமல் இருந்தால் இதயத்தைப் பரிசோதித்தே ஆகவேண்டும். அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. உதடு நீலம் பாய்ந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்லுங்கள்.

கேள்வி: இரவு வியர்வை என்றாலே காசநோய், புற்றுநோய் என்று படித்துவிட்டு உறக்கமின்றித் தவிக்கிறேன்.

பதில்: உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. அந்நோய்களில் வியர்வை பெரும்பாலும் தனித்து வருவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல் அல்லது இருமல், எடை குறைதல், வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருத்தல், கழுத்திலோ காறை எலும்புக்கு மேலோ வலியின்றி வளர்ந்துவரும் நெறிக்கட்டி, வெளிறிய முகம், அடிபட்டதுபோல் காரணமின்றித் தோன்றும் நீலத் திட்டுகள், உறக்கத்திலிருந்து எழுப்பும் எலும்பு வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அவை எதுவும் இல்லையெனில், அடுத்த வழக்கமான பரிசோதனையின்போது மருத்துவரிடம் சொன்னால் போதும்.

கேள்வி: இன்சுலின் போட்டுக்கொள்ளும் எட்டு வயது மகனுக்கு நள்ளிரவில் வியர்க்கிறது.

பதில்: உடனே இரத்தச் சர்க்கரையை அளவிடுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்து, அவன் விழித்து விழுங்கும் நிலையில் இருந்தால், சர்க்கரை கரைத்த நீர் கொடுத்து 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். சர்க்கரை சீராகிவிட்டாலும், மறுநாளே மருத்துவரிடம் அந்த அளவுகளைக் காட்டி, இரவு இன்சுலின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.