எந்த ஊர் என்பது கடைசிக் கேள்வி

வணக்கம்.

பயணம் பற்றிய உங்கள் பத்திகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சென்ற விடுமுறையில் நான், கணவர், ஆறு வயது மகள், மாமியார் என நால்வரும் ஒன்பது நாளில் நான்கு நகரங்கள் பார்த்தோம். படங்களில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு திரும்பிய மறுநாள், "இன்னொரு லீவு போட்டால்தான் தேறுவேன்" என்றார் கணவர். பிறகு, 'நீங்கள் எந்த வகைப் பயணி?' என்று கேட்கும் கேள்வித்தாள் ஒன்றை இருவரும் நிரப்பினோம். எனக்கு 'சாகசப் பயணி' என்று வந்தது, அவருக்கு 'ஓய்வு விரும்பி'. நான் மலை ஏற வேண்டும் என்கிறேன்; அவருக்குக் கடலோரத்தில் புத்தகத்தோடு படுத்திருந்தால் போதும். மாமியாருக்கு முழங்கால் வலி. இந்த முறை பத்து நாள் கிடைக்கும். எங்களுக்குப் பொருந்தும் ஊர் எது?

— ஒரு வாசகி (பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் சென்ற பயணத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒன்பது நாளில் போய்ச் சேரும் நாளையும் கிளம்பும் நாளையும் கழித்தால் ஏழு. நான்கு நகரம் என்றால் மூன்று இடமாற்றம். ரயில் இரண்டரை மணி நேரம்தான் என்று அட்டவணை சொல்லும். பெட்டி கட்ட ஒரு மணி, நிலையத்துக்குப் போக அரை மணி, முன்கூட்டியே போய் நிற்பது அரை மணி, இறங்கிய பிறகு புது விடுதியைக் கண்டுபிடிக்க முக்கால் மணி என்று அதோடு சேருவதை யாரும் எழுதி வைப்பதில்லை. மொத்தம் ஐந்தேகால் மணி நேரம், ஒரு பகலில் பாதி. போதாததற்குப் பழைய அறையைப் பெரும்பாலும் 11 மணிவாக்கில் காலி செய்ய வேண்டும், புது அறை 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். மூன்று மாற்றத்துக்கு ஒன்றரை நாள் போனால் மிச்சம் ஐந்தரை நாள். நான்கு நகரத்துக்குப் பங்கு போட்டால் ஊருக்கு ஒன்றரை நாள்கூட இல்லை. உங்கள் கணவருக்கு லீவு தேவைப்பட்டதற்குக் காரணம் அந்த நகரங்கள் இல்லை.

பயணிகளை வகை பிரிப்பது பழைய வேலைதான். சமூகவியலாளர் எரிக் கோஹன் 1972இல் நான்கு வகை சொன்னார். சுற்றுலா ஆய்வாளர் ஸ்டான்லி ப்ளாக் 1974இல் ஒரு கோடு போட்டார்: பழகியதை விரும்புகிறவர் ஒரு முனை, புதியதைத் தேடுகிறவர் மறுமுனை, பெரும்பாலோர் நடுவில். சுற்றுலா இடங்கள் ஏன் பிரபலமாகின்றன, ஏன் மங்குகின்றன என்பதை ஆராயப் போட்ட கோடு அது. ஒரு குடும்பம் எங்கே போவது என்று முடிவு செய்ய அது உதவாது. ஏனென்றால் மலையில் துணிச்சலாக இருக்கும் ஒருவருக்கே இரவு தங்கும் இடம் முடிவாகவில்லையென்றால் கை நடுங்கலாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நால்வரும் தனித்தனித் தாளில், விடுமுறையின் ஒரு நாளை எழுத வேண்டும். எத்தனை மணிக்கு எழுவது, எவ்வளவு நேரம் நடப்பது, மதியம் அறையிலா வெளியிலா, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவது. ஊர்ப் பெயர் எழுதக் கூடாது. எழுதினால் மனம் படங்களுக்குப் போய்விடும். மகளுக்கு நீங்கள் கேட்டு எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு தாளிலும் மூன்றை அளந்து பாருங்கள்: ஒரு நாளுக்கு எத்தனை மணி நேர நடை, ஒரே படுக்கையில் குறைந்தது எத்தனை இரவு, முன்பதிவு செய்யாமல் எவ்வளவை விட்டுவைத்தால் தாங்கும்.

மாமியாரின் தாளில்தான் கவனம் வேண்டும். கேட்டால் "எனக்கு எதுவானாலும் சரி" என்பார். கேட்காமல் ஒரு வாரம் கவனியுங்கள்: உட்காராமல் எவ்வளவு நேரம் நிற்கிறார், படிகளில் ஏறுவது கஷ்டமா, இறங்குவதா? முழங்கால் தேய்மானம் உள்ள பலருக்கு இறங்கும்போதுதான் வலி அதிகம். 'சமதளமான ஊர்' என்ற வார்த்தையை நம்பவும் கூடாது. வெனிஸில் மேடே கிடையாது, ஆனால் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் உண்டு, பெரும்பாலானவற்றில் படிகள். சக்கரப் பெட்டியோடு போகிறவர்களுக்கே மூச்சு வாங்கும். ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் விடுதியிலிருந்து தினமும் போகவேண்டிய இரண்டு இடங்களுக்கு இணைய வரைபடத்தில் தெருக்காட்சியைத் (Street View) திறந்து கடைசி வரை நடந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. பாதி இடங்கள் அங்கேயே விழுந்துவிடும்.

உங்கள் மலைக்கு வருவோம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மெட்ரிக் அளவில் அது இப்படி: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், மேலே ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் பாதை, 900 மீட்டர் ஏற்றம் என்றால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இளைப்பாறுவது இதில் சேராது; பழக்கமில்லாதவர் பாதியளவு கூட்டிக்கொள்ள வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஆறு மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அதாவது நீங்கள் கேட்பது மலைப் பயணம் இல்லை, சில மலைக் காலைகள். மூன்று காலை கிடைத்தால் உங்கள் தாள் நிறைந்துவிடும்.

உயரமான ஊர்களை இந்தக் குழுவுக்கு நான் தள்ளி வைப்பேன். 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் வரலாம். 3,000க்கு மேல், தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதே பொதுவான அறிவுரை. சுமார் 3,500 மீட்டரில் இருக்கும் லடாக்கின் லேவுக்கோ 3,400இல் இருக்கும் பெரு நாட்டின் கூஸ்கோவுக்கோ விமானத்தில் நேராகப் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் ஓய்வுக்குத்தான். (கூஸ்கோ வழியாகப் பலர் பார்க்கப் போகும் பழைய இன்கா நகரமான மாச்சு பிச்சு சுமார் 2,430 மீட்டர்தான். கூஸ்கோவிலிருந்து அங்கே போகிறவர்கள் இறங்கித்தான் போகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் அதனால்தான் முதல் இரவுகளைக் கீழே பள்ளத்தாக்கில் வைத்துக்கொள்வார்கள்.) தலைவலியும் குமட்டலும் வந்த ஆறு வயதுக் குழந்தை, அது உயர நோய் என்று சொல்லத் தெரியாமல் வெறுமனே சிணுங்கும்.

நேர வித்தியாசமும் அப்படித்தான். உடல் கடிகாரம் ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும், கிழக்கே போனால் இன்னும் சிரமம். பத்து நாள் பயணத்தை மூன்று மணி நேர வித்தியாசத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் கடற்கரையில் ஏமாறுவது பருவத்தால். 'அந்த நாட்டுக்கு இதுதான் சீசன்' என்று ஒரே வரியில் சொல்வதைப் பாதிதான் நம்பலாம். தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழை. கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் உள்ள சமுய் தீவில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் கடும் மழை. இலங்கையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே–செப்டம்பரில் தெற்கு, மேற்குக் கரைகளில் கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் திருகோணமலைப் பக்கம் அமைதி. ஆகவே நாட்டைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள். மழை தினமும் ஒரு மணி நேரம் பெய்தால் படுத்துப் படிப்பவருக்கு நஷ்டமில்லை. சிவப்புக் கொடி ஏற்றிவிட்டால் மகள் தண்ணீரில் இறங்க முடியாது. பத்து நாளும் அந்தப் புலம்பலைக் கேட்கப்போகிறவர் அவர்தான்.

நான்கு தாள்களையும் சேர்த்தால் வரும் வடிவம் இது: கடலோரத்தில் ஒரே விடுதி, மிஞ்சினால் இரண்டு, ஒரு மணி நேரத்துக்குள் மலைப் பாதை, மலை உச்சிக்கு நடக்காமல் போகவும் வழி. நால்வரும் எல்லா நாளும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மலைக்குப் போகும் நாட்களில் காலையில் பிரிந்து, மதியத்திலிருந்து சேர்ந்துகொள்ளலாம். அந்தக் காலைகளில் குழந்தை அப்பாவிடம் இருக்கும், புத்தகம் நகராது. மற்ற நாட்களில் அவருக்கு விடுதலை கொடுத்துவிடுங்கள்.

இந்த வடிவத்துக்கு ஓர் உதாரணம் வேண்டுமானால் மலேசியாவின் பினாங்கு. அங்குள்ள மலைக்குச் சாய்தள ரயில் போகிறது, மேல் நிலையம் சுமார் 700 மீட்டர் உயரம். தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து ஐந்து கிலோமீட்டர் செங்குத்துச் சாலையும் உண்டு. நெய்ஸ்மித் கணக்கில் இரண்டு மணி நேரம் சொச்சம். நீங்கள் நடந்து ஏறுங்கள், மற்றவர்கள் ரயிலில் வரட்டும், உச்சியில் சந்தித்து எல்லோரும் ரயிலிலேயே இறங்கலாம். வார இறுதியில் வரிசை நீளம். பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் நாட்களும் உண்டு, முன்பே பார்த்துவிடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். அங்குள்ள 'பத்து ஃபெரிங்கி' (Batu Ferringhi) என்ற கடற்கரையில் தண்ணீர் கலங்கல்தான், தெளிந்த நீலம் வேண்டுமென்றால் இது அந்த இடமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீச்சல் பற்றி ஒன்றும் இல்லை.

இரண்டு விடுதி என்று முடிவானால் ஐந்து இரவு, நான்கு இரவு என்று பிரியுங்கள். விமானத்தில் ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து கிளம்பும் டிக்கெட் எடுத்தால், வந்த வழியே திரும்பும் அரை நாள் மிச்சம். மூன்று நாளுக்கு ஒரு நாளைக் காலியாக விடுங்கள். கடைசி இரண்டு இரவுக்கு இருப்பதிலேயே வசதியான அறையை ஒதுக்குங்கள்: ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் நினைவில் ஓங்கி நிற்கும் என்பதை உளவியலாளர் டேனியல் கானமன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எதையும் பதிவு செய்யும் முன் நால்வரின் கடவுச்சீட்டையும் எடுத்துப் பாருங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். சிறுவர்களின் கடவுச்சீட்டுக்குக் காலம் குறைவு, பெரும்பாலும் முதலில் காலாவதியாவது அதுதான்.