சான்றிதழை விடுங்கள், வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: குளச்சலில் புது வீடு கட்டி முடியும் நிலையில் இருக்கிறது. சித்திரையில் பால்காய்ச்சு. முன்னறையில் வைக்க 1950கள் காலத்து 'மிட் சென்சுரி' பார் கார்ட் (பாட்டிலும் டம்ளரும் வைத்து உருட்டும் சக்கர வண்டி) ஒன்று தேடுகிறேன் (பெயர்தான் பார், எங்கள் வீட்டில் அதில் காபியும் ஜூஸும்தான் இருக்கும்). கொச்சியில் உள்ள ஒரு ஏஜென்ட், டென்மார்க்கில் 1955இல் செய்த தேக்கு வண்டி, தொல்லியல் துறைச் சான்றிதழ் உண்டு என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார். விலை 68,000 ரூபாய். பாதியை முன்பணமாகக் கேட்கிறார். படத்தில் தட்டின் ஓரம் பிளைவுட் மாதிரி தெரிகிறது. அசலா, டூப்ளிகேட்டா? இல்லையென்றால் லண்டனில் இருக்கும் தம்பியிடம் சொல்லி அங்கிருந்தே வாங்கி அனுப்பச் சொல்லட்டுமா?

பதில்: முன்பணத்தை அனுப்பாதீர்கள். அசலா போலியா என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகு.

சான்றிதழ் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி இதுபோன்ற ஒரு பொருள் தொல்பொருளாகக் குறைந்தது 100 வருடம் ஆகியிருக்க வேண்டும். 1955இல் செய்த வண்டிக்கு அந்த வயது வர 2055 ஆகும். அதற்குள் அதை டேனிஷ் தேக்கு, இன்ன வருடத்துச் சாமான் என்று எழுதிக் கொடுப்பது தொல்லியல் துறையின் வேலையே இல்லை. அந்தத் துறை கொடுக்கும் தாள் ஒன்று உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் சாமானுக்கு 'இது தொல்பொருள் அல்ல' என்று தரும் சான்று அது. உங்கள் ஏஜென்ட் காட்டுவது அதுதானோ என்னவோ! முத்திரையைப் பார்த்து மயங்காமல் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படியுங்கள். வண்டியின் அடியில் 'டேனிஷ் பர்னிச்சர் மேக்கர்ஸ் கன்ட்ரோல்' என்ற முத்திரை இருப்பதாகவும் சொல்வார்கள். அப்படி ஒரு முத்திரை உண்மையிலேயே உண்டு. ஆனால் ஸ்டிக்கர் அடிக்க இன்று எந்த ஊரில் அச்சகம் இல்லை?

இனி பிளைவுட் சந்தேகம். நம் குமரி மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் இதில் தவறான பக்கமாக ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நமக்குத் தேக்கு என்றால் முழுக்கட்டை. கதவு, கட்டில், அலமாரி எல்லாம் அப்படியே பார்த்து வளர்ந்தோம். மேலே மெல்லிய ஏடு, உள்ளே வேறு பலகை என்றால் உடனே டூப்ளிகேட் என்று ஒதுக்குகிறோம். டென்மார்க் கதை வேறு. அந்த ஊரில் தேக்கு விளையாது. தாய்லாந்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல் ஏறிப் போன மரம் அது. கால், கைப்பிடி, ஓரச்சட்டம் இவற்றை முழுத் தேக்கில் செய்துவிட்டு, அகலமான தட்டுக்குத் தேக்கு வெனீர் (அந்த மெல்லிய மர ஏடு) ஒட்டுவது அங்கே நல்ல பட்டறைகளிலும் நடந்ததுதான். மேல்தட்டில் சன்மைக்கா போன்ற ஃபார்மிகா போட்ட அசல் வண்டிகளும் ஏராளம். ஆகவே ஓரத்தில் அடுக்கு தெரிகிறது என்பதற்காக மட்டும் அதைப் போலி என்று சொல்ல மாட்டேன். சொல்லப்போனால் தட்டும் காலும் எல்லாமே முழுக்கட்டையில் இருக்கும் 'டேனிஷ் 1955' வண்டியைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

உள்ளே இருக்கும் பலகை எது என்பதில்தான் குட்டு வெளிப்படும். மூலையில் எங்காவது உடைந்த இடம் இருக்கும், இல்லையென்றால் ஒரு திருகாணியைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மரச்சட்டத் துண்டுகளோ, அடுக்குப் பலகையோ, சிராய்களை அழுத்திச் செய்த பலகையோ இருந்தால் சரி, மேலே பேசலாம். ரேகையே இல்லாமல் மாவு பிசைந்து காயவைத்த மாதிரி ஒரே சீரான தவிட்டு நிறத்தில் இருந்தால் அது எம்.டி.எஃப்., மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. அந்தப் பலகை அமெரிக்காவில் ஆலை உற்பத்திக்கு வந்ததே 1960களின் நடுவில், உலகமெங்கும் பரவியது 1980களில். அது உள்ளே இருக்கும் வண்டியை 1955 என்று சொல்கிறவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

அதே வெனீர் தட்டை விரல் முட்டியால் தட்டியும் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பொள்ளலாகக் கேட்டால் பசை விட்டிருக்கிறது. அது தீராத வியாதி இல்லை, நல்ல ஆசாரி திரும்ப ஒட்டித் தருவார். ஆனால் மிஷின் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று சொல்லும் பாலிஷ்காரரை வீட்டுப் படி ஏற்றாதீர்கள். வெனீர் காகிதக் கனம்தான், நிமிட நேரத்தில் தேய்ந்து உள்பலகை பல்லிளிக்கும்.

தேக்கு என்று சொல்லப்படுவது தேக்குதானா என்பது அடுத்த கேள்வி. ரப்பர் விளையும் மாவட்டம் இது. ரப்பர் தடிக்கு மருந்தேற்றி, சாயம் பூசி, தேக்கு என்று தள்ளிவிடுவது ரொம்பச் சுலபம். தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டின் எடையும் கிட்டத்தட்ட ஒன்று. தட்டின் அடிப்பக்கத்தில், பாலிஷ் எட்டாத இடத்தில், நகத்தால் சுரண்டுங்கள். தேக்கு உள்ளேயும் பழுப்பு, எண்ணெய்ப்பிசுக்கு தட்டும், தோல் போன்ற ஒரு வாசனை வரும். ரப்பர் தடி வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். கீழே நைஸாகத் தூள் கொட்டியிருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை அழகான வண்டியாக இருந்தாலும் புது வீட்டு மரச்சாமான் பக்கத்தில் அதைக் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

பித்தளை வண்டி வேண்டுமென்றால் பாக்கெட்டில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். குழாயில் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. குளச்சல் கடல்காற்றுக்கு அது தாங்காது, முலாம் பொரிந்து துரு எட்டிப்பார்க்கும். குரோமியமும் அப்படியே. உண்மையான பித்தளை கறுக்கும், களிம்பு பிடிக்கும், துடைத்தால் போய்விடும். இன்னொன்று: உத்தரப்பிரதேசத்தில் உள்ள மொராதாபாத் பித்தளைச் சாமானுக்குப் பேர்போனது. வெளிநாட்டுக் கடைகளுக்கு இந்தப் பித்தளை பார் வண்டிகளை இன்றும் அங்கே புதிதாகச் செய்து அனுப்புகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதையே கறுக்கவைத்து 'இத்தாலி, 1950' என்று இங்கே விற்பதுதான் தப்பு. அறுபது எழுபது வருடம் கைபட்ட சாமானில் பிடிக்கும் இடமும் ஓரமும் மட்டும் தேய்ந்து மினுங்கும், மற்ற இடம் மங்கிக் கிடக்கும். மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அது ரசாயனம் செய்த வேலை.

சரி, ஏஜென்டுக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் இவர்கள் மேல்தான். உங்களுக்குப் படம் அனுப்பியவரிடம் வண்டி இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. மார்த்தாண்டத்தில் ஒருவர், திருவனந்தபுரத்தில் ஒருவர், கொச்சியில் ஒருவர் என்று கைமாறி வரும் படம் அது. ஒவ்வொரு கையிலும் விலையில் ஒரு படி ஏறும். அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். ஐரோப்பிய விற்பனைத் தளம் எதிலாவது அதே வண்டி, அதே சுவரோடு நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். படம் கிடைக்கவில்லை என்றாலும் ஏஜென்டிடம் ஒரு வேலை கொடுங்கள்: 'அண்ணாச்சி, வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, பக்கத்தில் இன்றைய பேப்பரை வைத்து ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள்.' பொருள் கையில் இருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. இல்லாதவர் 'இன்னொரு பார்ட்டி டோக்கன் போட வருகிறார், சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்' என்பார். அந்தப் பார்ட்டி வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.

பழைய சாமான் கடைகள் உள்ள கொச்சி மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்கோ காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கோ நேரில் போனாலும், 'நல்ல கடை காட்டுகிறேன்' என்று கூட வருபவரைச் சேர்க்காதீர்கள். அவருக்குக் கடையில் பங்கு உண்டு, அதை உங்கள் விலையில் ஏற்றித்தான் கொடுப்பார்கள். உங்கள் வீட்டில் வேலை செய்த ஆசாரிக்கு ஒருநாள் கூலியும் சாப்பாடும் கொடுத்து அழைத்துப் போங்கள். அவருக்கு டென்மார்க் தெரிய வேண்டாம், மரம் தெரிந்தால் போதும்.

காரைக்குடிப் பக்கம் 'செட்டிநாட்டு வீட்டு பார் கார்ட், 1950' என்று ஒன்றைக் காட்டினால் சிரித்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது 1948இல், அது தளர்ந்தது 1971இல். பெர்மிட் வைத்திருந்த சிலரைத் தவிர எந்த வீட்டுக்காரர் முன்னறையில் பாட்டில் வண்டி உருட்டியிருப்பார்? அது டீ டிராலி. டீ டிராலியாகவே நல்ல சாமானாக இருக்கலாம், அந்த விலைக்கு வாங்குங்கள். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலுமாக இருந்ததால் இங்கே கதை கொஞ்சம் மாறும். ஆனாலும் மலையோர எஸ்டேட் பங்களாக்களில் இருந்து வெளியே வருபவையும் பெரும்பாலும் டீ டிராலிகள்தான்.

லண்டன் யோசனையை மறந்துவிடுங்கள். பழைய சாமானை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வது, இயந்திரங்கள் போன்றவை நீங்கலாக, கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறது. தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஒரு கன்டெய்னர் பழைய துணிக்கு வைத்த பூட்டை வீட்டுக்கு ஒரு டிராலி வாங்குகிறவனுக்கும் மாட்டி வைத்திருக்கிறார்கள். எழுதிக் கேட்டால் பதிலும் விதி எண்ணாகத்தான் வரும். தம்பி அங்கே குடியிருப்பை முடித்துக்கொண்டு வரும்போது தன் வீட்டுச் சாமானோடு கொண்டுவருவது வேறு கணக்கு. அவர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி, கொச்சியில் வாங்கினாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. வாய்தா வாங்கத் தெரிந்தவருக்கு அந்தக் கணக்கெல்லாம் பொருட்டே இல்லை. பரிசோதனைக்கு எங்கே போவது? மரம் என்ன சாதி என்று பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் சொல்லும். எந்த வருடம் செய்தது, எந்த நாட்டில் செய்தது என்பதற்கு யாரிடம் போய் நிற்பீர்கள்?

அதனால்தான் பில் முக்கியம். 'பழைய டிராலி, எண்ணிக்கை 1' என்று எழுதிக் கொடுப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். 'தேக்கு, டென்மார்க், 1955 வாக்கில்' என்று அவர் வாயால் சொன்னதை அப்படியே பில்லில் எழுதி, கடை முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். அதை எழுத ஒருவர் தயங்கினால் 68,000 வேண்டாம், டீ டிராலி விலைக்குப் பேசுங்கள்.

ஒரு சின்னச் சோதனை பாக்கி. மேல்தட்டு மரமாக இருந்தால், கண்ணில் படாத மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ், மது சிந்தினால் கரைந்துவிடும். பார் வண்டிகளுக்குக் கண்ணாடியும் ஃபார்மிகாவும் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். காபிக்கென்றாலும் சூடான டம்ளர் வெள்ளை வளையம் போடும், மேலே ஒரு தட்டு வைத்துப் புழங்குங்கள்.

கண்ணாடி இல்லாத வண்டியோ, கண்ணாடி மாற்றிய வண்டியோ கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், விலையை மட்டும் குறைத்துக் கேளுங்கள். புதுக் கண்ணாடிக்கு டஃபன்ட் (சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடி) சொல்லுங்கள். அதைச் சூளையில் ஏற்றிய பிறகு ஒரு நூல்கூட வெட்ட முடியாது, வெட்டினால் தூளாகிவிடும். எனவே டேப்பில் எடுத்த அளவைப் போனில் சொல்லாமல், சட்டத்தின் மேல் கெட்டி அட்டையை வைத்து மூலை வளைவோடு அச்சு எடுத்து அந்த அட்டையையே கடையில் கொடுங்கள். சக்கரத்தின் உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே வாசல்படி இருந்தால், சின்னச் சக்கர வண்டி அந்தப் பக்கமே தாண்டாது.