கேளுங்க சொல்றோம்: கல்லாப் போன பாம்பும் கடலுக்குள்ள மணியும்

கேள்வி: இங்கிலாந்துல விட்பினு ஒரு ஊர், அங்க கடலோரப் பாறை மேல கூரையே இல்லாம நிக்குற மடாலயத்தோட போட்டோ பார்த்தேன். யார் இடிச்சது? வைக்கிங்னு என் அண்ணன் சொல்றான், இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றினு அண்ணி சொல்றாங்க.

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் பாதி சரிதான், ஏன்னா அந்தப் பாறை மேல ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா ரெண்டு மடம் இருந்திருக்கு. முதல் மடம் 657-ல, வட இங்கிலாந்துல அப்ப இருந்த நார்தம்ப்ரியா நாட்டு ராஜா ஆஸ்வியு ஏற்படுத்தினது, அதுக்குத் தலைவி ஹில்டு, அரச வம்சத்துப் பொண்ணு, ஆண் துறவி பெண் துறவி ரெண்டு தரப்புக்கும் அவங்கதான் தலைமை. ஈஸ்டரை எந்த நாள்ல கொண்டாடறது, ரோம் கணக்கா ஐரிஷ் கணக்கானு பெரிய தகராறு வந்தப்ப 664-ல எல்லாரும் கூடிப் பேசினதும் இங்கதான். ராஜா ரோம் பக்கம் தீர்ப்பு சொன்னார், ஐரிஷ் பக்கம் நின்ன ஹில்டும் அதை ஏத்துக்கிட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அங்க மாடு மேய்ச்ச கேட்மன் கதை. விருந்துல யாழ் கைமாறி கைமாறி தன்கிட்ட நெருங்கி வந்தாலே, பாடத் தெரியாத கூச்சத்துல எழுந்து வெளிய போயிடுவாராம். அப்படி ஒரு ராத்திரி மாட்டுக்கொட்டாய்ல படுத்திருந்தப்ப கனவுல ஒருத்தர் வந்து பாடுன்னாராம், என்னத்தைப் பாடுறதுன்னு இவர் கேட்க, உலகம் உண்டானதைப் பாடுன்னு பதில் வந்துச்சாம். விடிஞ்சதும் பாட்டு அப்படியே ஞாபகம் இருந்துச்சு, ஹில்டுகிட்ட கூட்டிட்டுப் போனாங்க, அவங்க மடத்துலயே சேர்த்துக்கிட்டாங்க. பீடுங்கிற துறவி எழுதி வச்சதால நமக்குத் தெரியுது. பேர் தெரிஞ்ச முதல் ஆங்கிலக் கவிஞர் இந்த மாட்டுக்காரர்தான்!

அந்த மடத்தை ஒன்பதாம் நூற்றாண்டுல டேனிஷ் படை, அதாவது வைக்கிங், அழிச்சிடுச்சு. இங்க உங்க அண்ணன் சரி. ஆனா நீங்க போட்டோல பார்த்தது அது இல்ல. பிரான்ஸ்லேர்ந்து வந்து இங்கிலாந்தைப் பிடிச்ச நார்மன் படையில போர்வீரனா வந்த ரெயின்ஃப்ரிட் துறவியாகி 1078 வாக்குல மறுபடி ஆரம்பிச்ச மடம், அதுக்கு 13-ம் நூற்றாண்டுல கட்டத் தொடங்கின கோதிக் பாணி சர்ச்தான் நீங்க பார்த்தது. அதை 1539-ல ஹென்றி மூடினார், இங்க அண்ணி சரி. மிச்சத்தைக் கடல்காத்து பார்த்துக்கிச்சு, 1830-ல நடுக்கோபுரமே விழுந்துடுச்சு, போதாக்குறைக்கு 1914 டிசம்பர் 16 அன்னிக்கு ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஊரைச் சுட்டப்ப இதுமேலயும் குண்டு விழுந்துச்சு.

கேள்வி: ஹில்டு பாம்பையெல்லாம் கல்லாக்கினாங்களாமே?

பதில்: மடம் கட்டுற இடத்துல பாம்பு நிறைஞ்சு கிடந்துச்சாம், ஹில்டு வேண்டிக்க எல்லாம் சுருண்டு தலையில்லாம கல்லாயிடுச்சுன்னு கதை. அந்தக் கரையில அந்தக் கல் நிஜமாவே கிடைக்குது. கையில எடுத்தா உள்ளங்கைல ஒரு பாம்பு வட்டமா படுத்த மாதிரி, வரி வரியா, நடுவுல போகப் போக சின்னதாகிட்டே போகும். அது அம்மோனைட், சுமார் 18 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடல்ல வாழ்ந்த உயிரோட புதைபடிவம். சாளக்கிராமத்துல சுருள் தெரியுமே, அதுவும் இதே இனம்தான். தலை இல்லாதது குறைன்னு நினைச்சு, விற்கிறவங்க பாம்புத்தலை செதுக்கியே வித்திருக்காங்க. விஞ்ஞானிகளும் ஹில்டை விடல, ஒரு வகை அம்மோனைட்டுக்கு ஹில்டோசெராஸ்னு அவங்க பேரையே வச்சுட்டாங்க.

கேள்வி: கடலுக்குள்ள மணிச்சத்தம் கேக்குமாமே, நிஜமா?

பதில்: மடத்தை மூடினப்ப மணிகளைக் கப்பல்ல ஏத்தினாங்க, ஊரைத் தாண்டுறதுக்குள்ள கப்பல் மூழ்கிடுச்சு, இன்னும் தண்ணிக்கடியில அடிக்குதுன்னு அந்த ஊர்க் கதை. கப்பல் மூழ்கினது கதைதான், ஆனா ஹென்றி காலத்துல மூடின மடங்களோட மணிகளைக் கழட்டி வெறும் உலோகமா வித்தது நடந்த விஷயம். தினமும் காதுல விழுந்த சத்தம் ஒருநாள் திடீர்னு நின்னு போச்சுன்னா ஊருக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த மணி கைமாறிப் போகாம நம்ம ஊர்க் கடல்லயே கிடக்கட்டும்னு நினைச்ச மனசுலதான் இந்தக் கதை பொறந்திருக்கும்னு நான் நினைக்கிறேன்.